மணம் யாருக்கு?

வெள்ளிக்கிழமை நண்பகல். ஹவுளில் ஒளுச் செய்துவிட்டுப் பள்ளிவாசலுக்குள் நுழைகின்றோம். வாயிலோரத்தில் சின்னஞ்சிறு குப்பிகள் அடுக்கிய மரப்பெட்டியுடன் அத்தர்க்காரர் அமர்ந்திருக்கின்றார். வாங்குவோர் சிலர், வாங்காதோர் பலர். ஆயினும், நீட்டிய கையின் புறத்தே ஒரு துளியைத் தடவாமல் அவர் எவரையும் அனுப்புவதில்லை. முதியவர் ஒருவர் அத்தர் தோய்ந்த பஞ்சைக் காது மடலில் செருகிக்கொண்டு முதல் ஸஃப்பை நோக்கி நடக்கின்றார். அவர் கடந்து சென்ற வழியெல்லாம் மணக்கின்றது. அந்த மணம் யாருடையது? விற்றவருடையதா, பூசியவருடையதா, வழியில் நின்று மூச்சிழுத்த நம்முடையதா?

ஆண்டாண்டாய் இந்தக் காட்சியைக் கண்டும் இக்கேள்வி நமக்கு அந்த வாயிலில் எழுந்ததில்லை. பல்லாயிரம் கல் தொலைவில், பிரான்சு நாட்டின் தென்கோடியில், ஒரு விடுமுறை நாளில்தான் எழுந்தது.

கான் நகரக் கடற்கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி மலைச்சரிவில் ஏறினால் கிராஸ் என்னும் பழைய ஊரை அடையலாம். உலகின் நறுமணத் தலைநகர் என்று பெயர் பெற்றிருக்கும் அவ்வூர், முதலில் பெயர் பெற்றது தோல் பதனிடும் தொழிலுக்குத்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழ்வோருக்கு அத்தொழிலின் வாடையைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிராஸ் நகரத்தார் செய்த தோல் கையுறைகளைச் சீமாட்டிகள் விரும்பினர். அவற்றின் வாடையை விரும்பவில்லை. எனவே, 16ஆம் நூற்றாண்டில் கையுறைகளுக்கு நறுமணம் ஊட்டும் வழக்கம் பரவியது. காலப்போக்கில் கையுறை வாணிகம் நலிந்தது. அதன் வாடையை மறைக்க வந்த மணமே ஊரின் தொழிலாயிற்று. ரோஜாவும் மல்லிகையும் அச்சரிவுகளில் பயிராயின. 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், கிராஸ் வட்டாரத்தாரின் மணப்பொருள் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

அவ்வூரின் பரிமள இல்லங்கள் சுற்றுலா வருவோருக்கென ஒரு பட்டறை நடத்துகின்றன. கட்டணம் செலுத்தி அமர்ந்தால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 'உங்களுக்கே உரிய' நறுமணத்தை நீங்களே கலந்து எடுத்துச் செல்லலாம். குடும்பத்தோடு சென்றிருந்த நாமும் ஆவலுடன் அமர்ந்தோம்.

நம் முன்னே அரைவட்டமாய்ப் படிப்படியாக உயர்ந்த மேசை. அதன் மீது நூற்றுக்கு மேற்பட்ட குப்பிகள். இசைக்கருவியின் பெயரால் இதனை 'ஓர்கன்' என்று அங்கு அழைக்கின்றனர். மணங்களை மூன்று வகையாய்ப் பிரிக்கின்றனர்: தலை, நெஞ்சு, அடி. எலுமிச்சை, நாரத்தை போன்றவை தலை; பூசியவுடன் எழுந்து சிறிது நேரத்தில் மறைந்து விடுபவை. ரோஜாவும் மல்லிகையும் நெஞ்சு. சில மணி நேரம் நிற்பவை. சந்தனம், கஸ்தூரி, அம்பர் ஆகியவை அடி; மாலை வரையிலும் உடையில் தங்குபவை. கலக்கும்போது அடியிலிருந்தே தொடங்க வேண்டும். கஸ்தூரி என்று எழுதிய குப்பியில் இருந்தது கஸ்தூரி மானிடமிருந்து எடுத்தது அன்று. ஆய்வுக் கூடத்தில் ஆக்கியது. 1888ஆம் ஆண்டிலேயே செயற்கைக் கஸ்தூரி தோன்றிவிட்டது. மான்கள் அருகிவரும் இந்நாளில் அதுவும் ஒரு நன்மையே.

பயிற்றுவித்த அம்மையார் முதலில் கேட்டது மணங்களைப் பற்றியன்று, நம்மைப் பற்றி. "நீங்கள் எப்படிப்பட்டவர்? காலையை விரும்புபவரா, மாலையையா? கூட்டத்தையா, தனிமையையா? உங்களை ஒரு மணமாக எண்ணிப் பாருங்கள்" என்றார். காகிதப் பட்டைகளில் தோய்த்துத் தோய்த்து முகர்ந்தோம். மூக்குச் சோர்ந்தபோது வெளியே சென்று தூய காற்றை உள்ளிழுத்து வந்தோம். சந்தனத்தை மிகுத்தோம், ரோஜாவைக் குறைத்தோம், ஊதும் சிறிது சேர்த்தோம். முடிவில் நம் பெயர் அச்சிட்ட சீட்டொன்று குப்பியில் ஒட்டப்பட்டது. கலவையின் கணக்கை ஓர் எண்ணிட்டு ஏட்டில் பதிந்துகொண்டனர். வேண்டும்போது அந்த எண்ணைக் குறித்து எழுதினால் அதே மணத்தை மீண்டும் செய்து அனுப்புவார்களாம். உலகில் வேறெவரிடமும் இல்லாத மணம்! உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர்ச் சீட்டைக் கண்டபோது நம் நெஞ்சு சற்றே நிமிரத்தான் செய்தது.

அங்கு சாற்றினை மதுசாரத்தில் கரைத்தே குப்பியில் அடைக்கின்றனர். மதுசாரம் கலந்த மணப்பொருளைப் பூசலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அசுத்தம் எனத் தவிர்ப்போரும் உளர். பருகும் மது வேறு, இது வேறு என அனுமதிப்போரும் உளர். ஐயத்துக்கு இடமளிக்க விரும்பாத நாம், மதுசாரம் சேரும் முன்பே நம் பங்கைக் கேட்டு வாங்கி, மணமற்ற எண்ணெயில் சேர்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை நம் இளைய மகன் அதிலொரு துளியை மணிக்கட்டில் தடவிக்கொண்டான். சிறிது நேரம் கழித்து வந்து கேட்டான்: "வாப்பா! நான் பூசிய மணம் இப்போது எனக்கே தெரியவில்லையே! உம்மாவுக்கு மட்டும் தெரிகிறதாம். அப்படியானால் இது யாருக்காக?"

விடை சொல்ல நமக்கு நெடுநேரம் ஆயிற்று. இக்கட்டுரையும் அவ்விடையைத் தேடும் முயற்சியே.

மூக்கின் இயல்பு அது. இடைவிடாது வரும் ஒரே மணத்தைச் சில நிமிடங்களுக்குள் அது பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றது. புதிதாய் வரும் புகையையோ கெட்ட உணவின் வாடையையோ உணர்ந்து எச்சரிக்க வேண்டிய காவலாளி, பழகிப்போன ஒன்றிலேயே மூழ்கியிருத்தல் ஆகாது அன்றோ? இதன் விளைவு என்ன? நாம் பூசும் மணத்தை மிகக் குறைவாக நுகர்பவர் நாமே. அருகில் அமர்ந்தவர், எதிரே வந்தவர், நாம் எழுந்து சென்றபின் அவ்விடத்துக்கு வந்தவர் ஆகியோர்தாம் அதனை நிறைவாக நுகர்கின்றனர். நம் உடலில் நறுமணம் மட்டுமன்று, துர்வாடையும் அவ்வாறே. நம் வியர்வையின் வாடை நமக்குத் தெரிவதில்லை, பக்கத்திலிருப்பவருக்குத் தெரிகின்றது.

இதனை எண்ணும்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனைகள் சில புதிய ஒளியுடன் தோன்றுகின்றன. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றவர் அவ்வாடையுடன் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்றார்கள். அவ்வுணவு விலக்கப்பட்டதன்று, அருகிருப்போர் வருந்துவரே என்பதுதான் காரணம். ஜும்ஆ நாளில் குளித்து, இருக்கும் நறுமணத்தைப் பூசி வருமாறு பணித்தார்கள். நல்ல தோழனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கு ஒப்பிட்டார்கள்: அவன் உனக்குச் சிறிது தரலாம், நீ அவனிடம் விலைக்கு வாங்கலாம், இரண்டும் இல்லையெனினும் அவனிடமிருந்து நன்மணமேனும் உன்னை வந்து சேரும் என்பது அவ்வுவமையின் கருத்து. கஸ்தூரி அவன் கையில் இருக்கின்றது. பயனோ அவனருகே நின்றவனைச் சேர்கின்றது. ஆக, மணம் என்பது உடையவனின் அணிகலன் என்பதைவிட, அண்டையில் நிற்பவனின் உரிமை என்பதே பொருந்தும்.

அப்படியாயின் பட்டறையில் நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி சற்றே திசை மாறியது என்று சொல்ல வேண்டும். 'நான் எப்படிப்பட்டவன்?' என்பதன்று கேட்க வேண்டிய முதற்கேள்வி. 'என்னருகே நிற்கப் போகின்றவர் யார்?' என்பதே.

இங்கே ஒரு தடை எழலாம். 'பிறருக்காகவே மணம் பூசுவது முகஸ்துதி ஆகாதா? தனக்காகப் பூசுவதே கபடற்ற செயல் அன்றோ?' என்று கேட்கலாம். இக்கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை தந்துள்ளார்கள். இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் நிய்யத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், ஆகுமான ஒரு செயல் எண்ணத்தால் எவ்வாறு நன்மையாகவும் தீமையாகவும் மாறும் என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நறுமணம் பூசுதலே. தன் செல்வத்தைக் காட்டவும், பெருமை பேசவும், அந்நியப் பெண்டிர் மனத்தைக் கவரவும் பூசினால் அது பாவம். நபிவழியைப் பின்பற்றவும், இறையில்லத்தைக் கண்ணியப்படுத்தவும், அருகிருப்போருக்கு இதமளிக்கவும், தன் வாடையால் பிறர் தன்னைப் புறம்பேசும் குற்றத்தில் விழாமல் காக்கவும் பூசினால் அதுவே வணக்கம். துளி ஒன்றே, குப்பி ஒன்றே, முகர்பவனின் மூக்கால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. பூசியவனும் அவனைப் படைத்தவனும் மட்டுமே அறிந்த வேறுபாடு அது.

பிறரை நினைத்தலிலும் இரு வகை உண்டு என்பது இதனால் விளங்கும். பிறர் நம்மைப் பற்றி என்ன எண்ணுவர் என்று நினைப்பது ஒன்று. பிறர் நம்மால் என்ன உணர்வர் என்று நினைப்பது மற்றொன்று. முன்னது முகஸ்துதி, பின்னது ஈகை. நம் மொழியிலேயே இதற்கொரு பாடம் கிடக்கின்றது. 'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகின்றோம். சொல் கெடவில்லை, வழக்கு அதனைக் கெடுத்துவிட்டது. நல்ல செயலும் தவறான நோக்கில் புழங்கப் புழங்க அவ்வாறே கெடும்.

'அப்படியானால் நமக்கென இன்பமே கூடாதா?' என்றால், அவ்வாறும் இல்லை. இவ்வுலகப் பொருள்களில் தமக்கு விருப்பமாக்கப்பட்டவற்றுள் நறுமணத்தையும் பெருமானார் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். யாரேனும் நறுமணம் கொடுத்தால் அவர்கள் மறுத்ததில்லை. மணத்தின் இன்பம் ஆகுமானதே. ஆனால், 'இது எனக்கே உரியது' என்னும் எண்ணம்தான் ஆராய்தற்குரியது.

பட்டறையில் நாம் எடுத்த குப்பிகளுள் ஒன்றில் மல்லிகைச் சாறு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். "இந்தியாவிலிருந்து" என்று விடை வந்தது. நாம் வியந்து நின்றோம். மதுரை, திண்டுக்கல், கோவை வட்டாரங்களில் விளையும் மல்லிகையும் ஜாதிமல்லியும் அங்குள்ள ஆலைகளிலேயே சாறாக்கப்பட்டு உலகின் பரிமள இல்லங்களுக்குச் செல்கின்றன. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜாதிமல்லியின் தூய சாறு ஒரு கிலோ கிடைக்க ஏறத்தாழ 700 கிலோ பூ வேண்டும். ஒரு கிலோவில் 8000க்குக் குறையாத பூக்கள் நிற்கும். கணக்கிட்டால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள்! ஒவ்வொன்றையும் விடியுமுன் எழுந்து குனிந்து பறித்தது ஒரு கை. பெரும்பாலும் ஓர் ஏழைப் பெண்ணின் கை. வெயில் ஏறினால் மணம் குறையும். சந்தைக்குப் பிந்தினால் விலை குறையும். அந்தக் கைகளின் பெயர் எந்தக் குப்பியிலும் ஒட்டப்படுவதில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மணப்பொருள்களைக் கலக்கும் முறைகளையும் வடித்தெடுக்கும் முறைகளையும் தொகுத்து 9ஆம் நூற்றாண்டிலேயே நூல் எழுதிய அறிஞர் அல்கிந்தி நிற்கின்றார். மண்ணும் மழையும் தந்து, பூவுக்குள் மணத்தை வைத்து, அதை அறிய மூக்கையும் படைத்தவன் எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கின்றான். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் கொடுநோயில் முகரும் ஆற்றலை இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கறியின் மணமும் குழந்தையின் உச்சிமணமும் தெரியாமல் தவித்தவர்கள் அவர்கள். அருட்கொடை குப்பியில் மட்டும் இல்லை என்பதை அவர்கள் சொல்வார்கள்.

ஆகவே, 'நம்முடையது' என்று நாம் பெயர் ஒட்டிய மணத்தில் முன்பாதி பிறர் உழைப்பு. பின்பாதி பிறர் நுகர்வு. இடையிலே இரண்டு மணி நேரக் கலத்தல்தான் நம்முடையது.

நுகர்வும் ஓர் உடைமையே என்பதை நுட்பமாய் உணர்ந்தவர்கள் நம் முன்னோர். கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் முன்னே பைத்துல்மாலுக்குரிய கஸ்தூரி கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் தம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. அருகிருந்தோர் வியந்தபோது, கஸ்தூரியின் பயன் அதன் மணம்தானே என்ற கருத்தில் விடையிறுத்தார்கள். மக்களின் பொதுச்சொத்தில் ஒரு மூச்சளவு கூடத் தமக்கென எடுக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

அவர்களைப் போல் வாழ நம்மால் இயலாதிருக்கலாம். ஆனால், காற்று பொதுவானது என்பதையேனும் நினைவிற் கொள்ளலாமே! நெருக்கமான பேருந்திலும், மூடிய குளிரறையிலும், ஸஃப்பிலும், மூச்சடைக்கும் அளவுக்கு மணத்தைப் பூசி வருவோரைக் காண்கின்றோம். பக்கத்திலிருப்பவர் ஆஸ்துமா நோயாளியாய் இருந்தால், ஒருவரின் நறுமணமே மற்றவருக்கு வதையாகின்றது. பூண்டின் வாடைக்குச் சொல்லப்பட்ட காரணம் இதற்கும் பொருந்தாதா? அருகிருப்பவரின் இதமே அளவுகோல் என்றால், சில இடங்களில் பூசாதிருப்பதும் ஈகைதான்.

மணத்தைத் துறக்கும் பயிற்சியையும் மார்க்கம் நமக்குத் தந்திருக்கின்றது. இஹ்ராமின் நிய்யத்துக்கு முன் மணம் பூசுவது நபிவழி; நிய்யத்துக்குப் பின் அது விலக்கு. அரசனும் ஆண்டியும் தையலற்ற இரு துணிகளில், தனக்கெனப் புதிதாய் ஒரு மணம் சேர்க்க இயலாமல், ஒரே வியர்வையில் தவாபு செய்கின்றனர். நோன்பாளியின் வாயிலிருந்து எழும் வாடையோ, இறைவனிடத்தில் கஸ்தூரியினும் சிறந்தது என்று நபிமொழி கூறுகின்றது. மனிதரின் மூக்குக்கு ஓர் அளவை. மாலிக்கின் கணக்குக்கு வேறோர் அளவை.

மனிதனுக்கென உண்மையில் தனி மணமே கிடையாதா? உண்டு. திருமறையின் யூசுஃப் அத்தியாயம் அதனைக் காட்டுகின்றது. மகன் யூசுஃப் (அலை) அனுப்பிய சட்டையுடன் ஒட்டகக் கூட்டம் புறப்பட்டபோதே, தொலைவிலிருந்த தந்தை யஃகூப் (அலை) அவர்கள் தம் மகனின் வாசத்தை உணர்வதாகச் சொல்கின்றார்கள். அந்த மணத்தை எந்தப் பரிமள இல்லமும் கலந்து தரவில்லை. ஒருவரின் தனி மணத்தை அறிந்து வைத்திருப்பது அவரது சொந்த மூக்கன்று. அவரை நேசிக்கும் நெஞ்சம். பட்டறையில் நாமும் ஒரு கணம், மறைந்த நம் தந்தையாரின் வெள்ளிக்கிழமைச் சட்டை மணத்தைக் கலந்துவிட முடியுமா என்று குப்பிகளிடையே தேடினோம். சந்தனம் இருந்தது, ரோஜா இருந்தது, அவர் மட்டும் அங்கு இல்லை.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் உறங்கும்போது அரும்பிய வியர்வையை அன்னை உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் ஒரு குப்பியில் சேர்த்துத் தம் நறுமணப் பொருளுடன் கலந்து வைத்தார்கள். அவர்களின் மகனார் அனஸ் (ரலி) அவர்கள் தம் மரண வேளையில், அதிலிருந்து சிறிதைத் தம் கபனுக்குரிய மணத்துடன் சேர்க்குமாறு வஸிய்யத்துச் செய்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் தமக்கென விரும்பிய இறுதி மணம் அவர்களுடையதன்று; அவர்கள் நேசித்த தலைவருடையது. நமக்கும் அந்த நாள் வரும். கற்பூரம் கலந்த நீரால் நம்மைக் குளிப்பாட்டிக் கபனில் மணம் பூசுவார்கள். எந்த மணம் என்று நம்மைக் கேட்கமாட்டார்கள். அன்று நம் பெயரைச் சொல்லும்போது அண்டை வீட்டாரின் நினைவில் எழுவது எந்த வாசம் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

மகனுக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "உனக்குத் தெரியாமல் போவதால்தான் அது பிறருக்குச் சேர்கின்றது. பூசும்போது அவர்களை நினைத்துக்கொள்." ஊர் திரும்பிய முதல் வெள்ளியன்று அக்குப்பியைப் பள்ளிவாசலுக்கு எடுத்துச் சென்றோம். மகன் தன் கையாலேயே ஸஃப்பில் இருபுறமும் இருந்தவர்களுக்குத் தடவிவிட்டான். சில வாரங்களில் குப்பி தீர்ந்தது. கிராஸ் நகரின் ஏட்டில் நம் கலவையின் எண் இன்னும் இருக்கும். அதைக் குறித்து எழுத வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. வாயிலோரத்து அத்தர்க்காரரிடமே இப்போது வாங்குகின்றோம்; இருவருக்குப் போதுமான அளவு.

நம் இருப்பால் அருகிருப்போர் இதம் பெறவும், நம் நிய்யத்துகள் தூய்மை பெறவும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன்.